ஆட்கள்: ஒன்று

மார்ச் 4

அக்கா,

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். கையால் எழுதி வருஷக்கணக்காகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சம வாய்ப்பு ஆணையத்துக்கு நீ கொடுத்த புகாரின் நகல் நேற்று என் மேஜைக்கு வந்தது. கலவைப் பிரிவு ஆபரேட்டர் வேலைக்கு வைக்கும் தூக்கும் தேர்வு பெண்களை ஒதுக்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தேர்வை வடிவமைத்தவன் நான். படிவத்தின் கீழே இருப்பது என் கையெழுத்து. இது உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினாயா?

முப்பது கிலோ மூட்டை. நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் பத்து மூட்டை. ஆணுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான். தராசுக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவு வைத்தால் அது சமம் இல்லையென்றால் வேறு எதுதான் சமம்? பெண்களுக்கு மட்டும் இருபது கிலோ என்று வைத்திருந்தால், பவுடர் மூட்டை உங்களைப் பார்த்ததும் பத்து கிலோ குறைந்துகொள்ளுமா?

நீ ஏழாவது மூட்டையில் நின்றபோது ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது என்பது உனக்கு ஆறாத கோபம். புரிகிறது. அதற்காக ஒரு நிமிடம் அதிகம் கொடுத்திருந்தால் நான் என்ன பொறியாளன்?

ஏப்ரல் பத்துக்குள் நான் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். கிடங்கிலிருந்து உன்னை இங்கேயே மாற்றச் சொல்லி ஹெச்.ஆர். மேலாளரிடம் நான் பேசுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. இரண்டு பேரையும் திட்டுகிறாள். பாரபட்சமே இல்லை.

தம்பி

~

மார்ச் 13

ஸ்கேலு,

உன் கடிதம் கிடைத்தது. மில்லிமீட்டர் சுத்தமாக மடித்திருந்தாய். சின்ன வயதில் நோட்டுக்கு அட்டை போடும்போதும் இப்படித்தான். அப்போது வைத்த பெயர் இன்னும் பொருந்துகிறது.

முதலில் கிடங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மொத்தம் ஆறு பேர் வேலை செய்கிறோம். திரும்பி வந்த பெயிண்ட் டப்பாக்களில் எது நசுங்கியது, எது நசுங்கவில்லை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். எனக்குக் கொடுத்த அறையில் ஜன்னல் இருக்கிறது, திறந்தால் சுவர். புகார் கொடுத்துப் பதினொன்றாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. "தண்டனைன்னு நினைக்காதீங்கம்மா, அதே கிரேடுதான்" என்றார் உன் ஹெச்.ஆர். மேலாளர். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது உன் தராசுக்கு வருகிறேன். ஆணையத்து அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இருக்கிறார். பஸ் நேரம் சொல்கிற மாதிரி சட்டம் சொல்கிறார். நானும் நீ கேட்டதைத்தான் அவரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே தேர்வுதானே சார், இது எப்படிப் பாகுபாடு ஆகும்?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை பொம்பளைங்க எழுதுனீங்க?" என்றார். பதினாலு. "எத்தனை பேர் தேறினீங்க?" ஒருத்தரும் இல்லை. "ஆம்பளைங்க?" நாற்பதில் முப்பத்தொன்று. "அப்ப சரி. இனிமே கம்பெனிதான் பதில் சொல்லணும். இந்த எடையும் இந்த உயரமும் அந்த வேலைக்கு நெஜமாவே தேவையான்னு. தேவைன்னு காட்டிட்டா, இதைவிட ஆளை ஒதுக்காத வேற வழி இருந்துச்சான்னு அடுத்த கேள்வி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

என் தம்பி வேண்டுமென்று செய்யவில்லை என்றுகூடச் சொன்னேன், கேட்டுக்கொள். "உங்க தம்பி மனசுல என்ன இருந்துச்சுன்னு சட்டம் கேக்கலம்மா" என்றார்.

உனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். டப்பா நிரப்பும் பிரிவில் ஒன்பது வருடம் நான் போட்ட கையுறை பத்தாம் நம்பர். கம்பெனி வாங்குவது அந்த ஒரு அளவுதான். விரல் நுனியில் துணி அடைத்துக்கொண்டு மூடி முடுக்கினேன். எல்லாருக்கும் ஒரே கையுறை. சமம்தான். உனக்குப் பத்தாம் நம்பர் சரியாக இருக்கும்.

புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன். உன்னிடம் ஒரே கேள்வி: அந்தத் தேர்வை எந்த நாளில், யாரை வைத்து அளந்தாய்?

அக்கா

~

மார்ச் 19

அக்கா,

யாரை வைத்து அளந்தேன் என்று கேட்டால் என்ன அர்த்தம்? டேப்பை வைத்து அளந்தேன். கலவை எந்திரத்தின் வாய் தரையிலிருந்து நூற்று நாற்பது. மூட்டையில் அச்சிட்டிருப்பது முப்பது. ஒரு கலவைக்குப் பத்து மூட்டை. கலவை கெட்டியாகாமல் இருக்க இரண்டு நிமிடத்தில் போட்டு முடிக்க வேண்டும். எல்லாம் படிவத்தில் இருக்கிறது. இதில் எந்த எண் தப்பு, சொல்.

ஹெச்.ஆர். மேலாளர் நேற்றுக் கூப்பிட்டார். ஏற்கெனவே தட்டச்சு செய்த ஒரு பக்கத்தை நீட்டினார். "ஒரே வரிதான் தம்பி. 'வேலைக்கு இந்த அளவு அவசியம்.' கீழ கையெழுத்து. நீங்க போட்ட தேர்வுதானே, நீங்களே சந்தேகப்பட்டா எப்படி?" என்றார். நான் அங்கேயே போட்டிருப்பேன். ஆனால் 'அவசியம்' என்று எழுதினால் அதற்குப் பின்னால் ஓர் அட்டவணை வேண்டும். அட்டவணை இல்லாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அதனால் கலவை ஹாலுக்குப் போய் மூன்று ஷிஃப்ட் நின்று எண்ணப் போகிறேன். உனக்காக இல்லை. நீ சொல்வது தப்பு என்று எண்ணில் காட்டுவதற்காக.

தம்பி

~

மார்ச் 29

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

மூன்று ஷிஃப்ட்டும் நின்றேன். இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டைகள். அதில் ஒரே ஆள் தூக்கியது ஒன்பது. அந்த ஒன்பதையும் தூக்கியது போன மாதம் சேர்ந்த ஒருவன். அவனையும் மற்றவர்கள் திட்டினார்கள். மிச்சம் இருநூற்று மூன்று மூட்டையும் இரண்டு இரண்டு பேராகத்தான் தூக்கினார்கள்.

உனக்கு இது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருவன் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு "கை" என்கிறான். பக்கத்தில் எவன் இருக்கிறானோ அவன் வந்து மறுமுனையைப் பிடிக்கிறான். இரண்டு ஆட்டு, மூன்றாவதில் மூட்டை வாயில் கிடக்கிறது. பேச்சுக்கூட நிற்பதில்லை. கடன், கிரிக்கெட், மாமியார் என்று பேசிக்கொண்டே போடுகிறார்கள். பத்து மூட்டைக்கு ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

மலை என்று கூப்பிடுவார்களே, அந்தப் பெரிய ஆபரேட்டர். அவரிடம் கேட்டேன். "அண்ணே, நீங்க ஒத்தையாவே தூக்கலாமே?"

"தூக்கலாம். எதுக்கு?"

"நேரம் மிச்சமாகும்ல?"

"இடுப்பு என்ன, ஸ்டோர்ல சீட்டு எழுதி வாங்கினதா தம்பி? போனா வேற குடுப்பாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், "சார், எங்களுக்கும் அந்தத் தேர்வை வச்சுடாதீங்க, பாதிப் பேர் வீட்டுக்குப் போயிடுவோம்" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். ஆள் பதிவேட்டைப் பார்த்தேன். பழைய ஆபரேட்டர்கள் ஒருத்தர்கூட அந்தத் தேர்வு எழுதியதில்லை. தேர்வு வருவதற்கு முன்பே சேர்ந்தவர்கள்.

திரும்பி வந்து மூன்று வருடத்துக்கு முந்தைய என் படிவத்தை எடுத்தேன். எடை, உயரம், நேரம் எல்லாம் சரி. ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'ஆட்கள்'. அதில் 'ஒன்று' என்று எழுதியிருக்கிறேன்.

ஏன் ஒன்று என்று எழுதினேன் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். தேதியைப் பார்த்ததும் விளங்கியது. அன்று பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்தார்கள். ஹாலில் ஒரு ஈ காக்காய் இல்லை. தொந்தரவு இல்லாமல் அளக்கலாம் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவனே நான். டேப் பிடித்தேன், மூட்டையை நானே தூக்கிப் போட்டேன், நேரம் குறித்தேன். பத்து மூட்டைக்கு ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு. எட்டு விநாடி தாராளமாகச் சேர்த்து இரண்டு நிமிடம் என்று வைத்தேன். தாராளம் என்று அப்போது நினைத்தேன்.

அங்கே இருந்தது நான் மட்டும்தான். அதனால் ஒன்று.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். என்னை வைத்து அளந்திருக்கிறேன்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. பத்தாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

தம்பி

~

ஏப்ரல் 4

ஸ்கேலு,

நீ மூன்று ஷிஃப்ட் நின்றாய். நான் அந்த ஹாலின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்பது வருடம் நின்றேன். "கை" என்று வாய் அசைவது எனக்குச் சத்தம் இல்லாமலே தெரியும்.

தேர்வு அன்று உன்னிடம் நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? முதல் மூட்டையில் கை வைத்ததும் திரும்பி, "இன்னொரு ஆள் எங்கடா?" என்று கேட்டேன். நீ வாட்சைப் பார்த்துக்கொண்டே, "தேர்வு தனித்தனியாத்தான், ஆரம்பிங்க" என்றாய். ஆரம்பிங்க! எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினாய். அதுவரை வாழ்க்கையில் கொடுத்ததில்லை. சுற்றி ஆட்கள் நின்றார்கள், நீ என் தம்பி இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அதை மன்னித்துவிட்டேன். ஏழாவது மூட்டை என் நெஞ்சில் இருக்கும்போது "நேரம் முடிஞ்சது" என்றாயே, மூட்டையை வாங்கிக்கொள்ளக்கூட வரவில்லை. நானே இறக்கி வைத்தேன். அன்றைக்குத்தான் உன் நம்பரைத் தடுத்தேன். தோற்றதற்காக இல்லை.

உனக்கு இந்தக் கம்பெனியில் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தவளே நான். சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். போகட்டும்.

என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதே. நான் சொல்லி நீ எழுதினால் அது அக்காவுக்காக எழுதியதாகிவிடும். அந்த மேலாளர் முதலில் அதைத்தான் சொல்வார். என் பேச்சே அதில் வர வேண்டாம். எழுதுவதாக இருந்தால் மூட்டையைப் பற்றி எழுது. எழுதாவிட்டால் அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போடு. எனக்கு இரண்டையும் தாங்கிப் பழக்கம் உண்டு. ஆனால் ஒன்று, இனிமேல் நீ 'தெரியாது' என்று சொல்ல முடியாது.

இங்கே இன்று நசுங்கியது முந்நூற்றுப் பத்து, நசுங்காதது நாற்பது. களைப்பாக இருக்கிறது. வேலையால் இல்லை, வேலை இல்லாததால்.

அக்கா

~

ஏப்ரல் 21

அக்கா,

கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம், ஓர் அட்டவணை. அந்தத் தட்டச்சுப் பக்கத்தை மேலாளரிடமே திருப்பிக் கொடுத்தேன். "குடும்ப விஷயத்தைக் கம்பெனிக்குள்ள கொண்டு வராதீங்க தம்பி" என்றார். நீ சொன்ன மாதிரியே. "இருநூத்திப் பன்னிரண்டு மூட்டை சார், அதுல எதுவும் எனக்குச் சொந்தக்காரன் இல்ல" என்றேன். சொல்லும்போது நன்றாக இருந்தது. படியிறங்கும்போது படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

பன்னிரண்டாம் தேதி விசாரணை அதிகாரி கூப்பிட்டார். சின்ன அறை, மூன்று நாற்காலி, சுவரில் நின்றுபோன கடிகாரம். அவர் அட்டவணையை இரண்டு தடவை படித்தார். பிறகு பழைய படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பேனா முனையால் தொட்டு, "இங்க ஏன் ஒன்னு?" என்றார்.

"நான் மட்டும்தான் இருந்தேன்."

"வேலை நடக்கும்போது பார்க்கலையா?"

"இல்ல."

"அதுக்கப்புறம், மூணு வருஷத்துல?"

"இல்ல."

அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். என் சம்பளத்தில் ஒரு பைசா குறையாமல் பதினாலு பேர் வழியை அடைத்திருக்கிறேன், அதற்கு அந்த அறையில் கிடைத்தது ஒரு 'ம்'.

திங்கட்கிழமை எனக்கு மாற்றல். தூரம் இல்லை, அதே வளாகம்தான். பின்பக்கம் பழைய ஸ்டோர். கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கு எண் ஒட்டும் வேலை. ஒட்டி முடித்ததும் எடைக்குப் போடுவார்களாம். "தண்டனை இல்லை, அதே கிரேடுதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

உன்னிடம் புலம்புவதற்காக எழுதவில்லை. என் எண் தப்பு, அதற்கு இது சரியாகப் போயிற்று. இதோடு விடு.

தம்பி

~

மே 3

டேய் ஸ்கேலு,

விடு என்று சொல்ல நீ யார்? உன் எண் தப்பு என்பது வேறு கணக்கு. நீ உண்மை சொன்னதற்காக உன்னை ஸ்டோரில் தூக்கிப் போட்டது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டுகிறாய். இதைத்தான் டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்தார்களா?

நான் மறுபடி அந்த எழுத்தரிடம் போனேன். இந்தத் தடவை டீக்கு நானும் கூடப் போனேன். "சாட்சி சொன்னவனை இடம் மாத்தினா?" என்று கேட்டேன். "புகார் குடுத்தவங்களைப் பழிவாங்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்குல்ல, அதே வரியிலதான் சாட்சியும் இருக்கான்" என்றார். ஒரே வரியில்தானாம். நாமிருவரும்.

படிவம் வாங்கி, நிரப்பி, இதோடு வைத்திருக்கிறேன். தேதி, பிரிவு, மாற்றல் எண் எல்லாம் எழுதிவிட்டேன். 'தண்டனை இல்லை, அதே கிரேடுதான்' என்று அவர் சொன்னதற்குச் சாட்சி யார் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். எனக்குச் சொன்னதும் அதே வாக்கியம்தானே. மனுஷன் புதிதாக ஒன்று யோசித்திருக்கலாம். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். இனிமேல் அட்டவணை கேட்காதே.

இன்னொரு செய்தி. ஆணையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டது. கம்பெனி ஒத்துக்கொண்டிருக்கிறது. என் மாற்றலும் ரத்து. வேலையை வேலை நடக்கிற மாதிரியே வைத்து, ஜூனில் பதினாலு பேருக்கும் மறுபடி தேர்வு.

சந்தோஷமா என்று அம்மா போனில் கேட்டாள். தெரியவில்லை. ஜெயித்த மாதிரி இல்லை. ரொம்ப நேரம் வரிசையில் நின்று கவுண்டர் முன்னால் வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது. பதினாலு பேரில் நாலு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கடிதம் எந்த வீட்டுக்குப் போகும்?

எனக்கு முப்பத்தெட்டு ஆகிறது. வருவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்கா

~

மே 24

அக்கா,

படிவத்தைப் பதினைந்து நாள் மேஜையில் வைத்திருந்தேன். கையெழுத்துப் போட மனம் வரவில்லை. புகார் கொடுக்கிறவர்கள் வேறு மாதிரி ஆட்கள் என்று எப்போதும் ஓர் எண்ணம் எனக்கு. நேற்று ஸ்டோரில் நானூற்றுப் பதினேழாவது மோட்டாருக்கு எண் ஒட்டினேன். அந்த மோட்டாரை முதலில் பொருத்தியதே நான்தான். போய்க் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

புதுத் தேர்வுக்குப் படிவம் போட ஆள் இல்லையாம். கூச்சமே இல்லாமல் என்னிடமே அனுப்பினார்கள். இந்தத் தடவை ஹால் ஓடும்போது போய் எழுதினேன். மலை அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டமாகப் படித்துப் பார்த்தார். எடை முப்பது, உயரம் நூற்று நாற்பது, நேரம் இரண்டு நிமிடம். எதையும் குறைக்கவில்லை. 'ஆட்கள்' கட்டத்தில் 'இரண்டு' என்று எழுதினேன். "இதுக்கா தம்பி இத்தனை நாள்?" என்றார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

தேர்வு ஜூன் பதினாறு, காலை ஏழு மணி. எழுதுகிறவர் தனக்கு இரண்டாவது ஆளைத் தானே சொல்லலாம். கம்பெனியில் வேலை பார்க்கும் யாராக இருந்தாலும் சரி. பெயரை முன்கூட்டியே ஹெச்.ஆருக்கு அனுப்ப வேண்டும். மலை அண்ணனைக் கேட்டேன், உனக்கென்றால் வருகிறேன் என்றார். அவரை எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடலாம்.

வாட்ச் பிடிக்க வேறு ஆள். நான் கேட்கவும் இல்லை.

நீ ஏழாவது மூட்டையை இறக்கி வைத்தபோது நான் வந்து வாங்கியிருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி

~

ஜூன் 5

ஸ்கேலு,

வருகிறேன். பதினைந்தாம் தேதி பஸ். அம்மாவிடம் சொல்லிவிடு. உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை, வந்து திறக்கிறேன்.

இரண்டாவது ஆளின் பெயரை ஹெச்.ஆருக்கு அனுப்பிவிட்டேன். மலை அண்ணன் இல்லை. அவரோடு தூக்கினால் அவர் தூக்கினார் என்பார்கள். நான் எழுதிக் கொடுத்த ஆள் என்னைவிட நாலு அங்குலம் உயரம். ஒன்றரை மாதமாக மோட்டாருக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறான். மூட்டையைத் தனியாகத் தூக்கித்தான் பழக்கம், அதுவும் ஒரே ஒரு நாள். என் உயரத்துக்குக் குனியத் தெரியாது.

பத்து நாள் இருக்கிறது. மலை அண்ணனிடம் போய்ப் பழகிக்கொள். வாட்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு "கை" என்பேன். அந்த நேரத்தில் எனக்கு மரியாதை கொடுத்துத் தொலைக்காதே. வந்து பிடி.

அக்கா